பெங்களூர் குரூப்பில் வாய் திறக்கும் முன்

பெங்களூரில் வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்த அன்றே நம் நம்பரை வாங்கி அபார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்பில் சேர்த்துவிடுவார்கள். முதல் நாள் ‘டேங்கர் ஆறு மணிக்கு வருகிறது’ என்று ஒரு தகவல். இரண்டாம் நாள், லிஃப்டில் யாருடைய நாய் அசுத்தம் செய்தது என்று ஒரு விசாரணை. மூன்றாம் நாள், நீங்கள் அட்டைப்பெட்டிகளைக்கூடப் பிரித்திருக்க மாட்டீர்கள், யாரோ ஒருவர் காவிரிச் செய்தி ஒன்றைப் போடுவார். அதன் கீழே ‘தமிழ்நாட்டுக்கு எப்போதும் இதே வேலை’ என்று ஒரு வரி வந்து விழும். கை துறுதுறுக்கும்.

அந்த நேரத்தில் என்ன செய்வது, எப்படி வாதாடுவது, எங்கே விட்டுவிடுவது என்பதைத்தான் எழுதப் போகிறேன். பதினொரு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். புதிதாக வரும் நம்மவர்களில் இரண்டு ரகம் பார்த்திருக்கிறேன். ‘நமக்கு எதுக்கு வம்பு’ என்று வாயைக் கட்டிக்கொண்டு இருப்பவர்கள் ஒரு ரகம். வந்த மறுநாளே தமிழ்நாட்டு அரசின் வக்கீலாகிவிடுபவர்கள் இன்னொரு ரகம். நான் இரண்டாம் ரகமாக இருந்து சூடு பட்டு, கொஞ்ச நாள் முதல் ரகமாகவும் இருந்து பார்த்தேன். இரண்டுமே சரிப்படவில்லை. வாடகை கொடுப்பது இங்கே, தண்ணீர் குடிப்பது இங்கே, பள்ளத்தில் வண்டியை விட்டு இடுப்பை உடைத்துக்கொள்வதும் இங்கே. அப்புறம் என்ன, இந்தத் தெருக்காரராகவே பேசலாம். நம்மை யாரும் வக்காலத்து வாங்கச் சொல்லவில்லை.

முதல் இரண்டு வாரம் படிப்பது மட்டும்

எந்த குரூப்பிலும் ஒரு குட்மார்னிங் ஆன்ட்டி இருப்பார். இரவு பதினொன்றரைக்கு மேல் வீடியோ அனுப்பும் ஒருவர் இருப்பார். எதற்கும் கட்டைவிரலைத் தூக்கும் ஒருவர். அப்புறம், உண்மையிலேயே விஷயம் தெரிந்து, மாதத்துக்கு ஒரு முறை மட்டும் எழுதும் ஒருவர். அந்தக் கடைசி ஆள் யார் என்று கண்டுபிடிப்பதுதான் இந்த இரண்டு வார வேலை. எங்கள் குரூப்பில் அவர் மூன்றாம் மாடியில் இருந்த ஓய்வுபெற்ற பெரியவர், சொந்த ஊர் மண்டியா. அவரிடம் நான் மாட்டிக்கொண்ட கதை கீழே வரும்.

இன்னொன்று. பெரிய அபார்ட்மென்ட் என்றால் தமிழ்க் குடும்பங்களுக்கென்று தனி குரூப் ஒன்றும் இருக்கும். பொங்கலுக்குக் கரும்பு எங்கே கிடைக்கும் என்பதில் தொடங்கி மெல்ல மெல்ல ‘இவங்களுக்கு எல்லாம்…’ என்று பேச்சு போகும். நம் ஆட்கள்தானே என்று அங்கே அவிழ்த்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் லிஃப்டை விட வேகமாக மாடி ஏறும்.

பேச்சை உள்ளூரில் தொடங்குங்கள்

முதல் கருத்தே மோடியா ராகுலா என்று இருக்க வேண்டாம். அதில் யாரும் யார் மனத்தையும் மாற்றியதாக நான் பார்த்ததில்லை. தண்ணீர், குப்பை, சாலை என்று தொடங்கினால் எல்லோருக்கும் சம பங்கு உண்டு. புது ஆள் என்று யாரும் ஓரம் கட்ட முடியாது.

அதற்குக் கொஞ்சம் உள்ளூர் விவரம் வேண்டும். 2024 மார்ச்சில் ஊரெங்கும் போர்வெல்கள் வற்றின. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். அதே வருடம் அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கியது. நகரத்தின் ஓரத்தில் சேர்ந்த 110 கிராமங்களுக்காக நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர். உங்கள் வீடு அந்த 110இல் ஒன்றில் இருந்தால், குழாய் இணைப்பு வாங்கலாமா, டேங்கரே போதுமா என்ற சண்டை குரூப்பில் கட்டாயம் நடக்கும். அதில் தாராளமாக இறங்குங்கள். கணக்குப் போட்டுக் காட்டினால் ஒரே வாரத்தில் உங்கள் பெயர் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

சாலைப் பள்ளம் பற்றிப் பேச்சு வந்தால், ‘கவுன்சிலரைக் கேளுங்கள்’ என்று சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள். பெங்களூர் மாநகராட்சிக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2015இல். அந்தக் கவுன்சிலின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அடுத்த ஐந்து வருடம் கவுன்சிலர் என்று ஒருவரும் இல்லாமலே ஓடி, 2025 செப்டம்பரில் அந்த மாநகராட்சியையே கலைத்து ஐந்தாகப் பிரித்துவிட்டார்கள். இதைக் கேட்டதும் ‘எங்க சென்னையில இப்படி இல்ல’ என்று நாக்கு நுனி வரை வரும். விழுங்கிவிடுங்கள். சென்னையிலும் 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் வரை கவுன்சிலர்கள் இல்லை. எதிரே இருப்பவர் அதைத் தெரிந்து வைத்திருந்தால் அன்றைக்கு நீங்கள் காலி.

பெண்களுக்கு இலவசப் பேருந்து பற்றிய வாதமும் இப்படித்தான். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் வந்தது. கர்நாடகத்தில் ‘சக்தி’ திட்டம் 2023 ஜூன் 11 அன்று தொடங்கியது. மாநிலத்துக்குள் ஊர் விட்டு ஊர் போகும் சாதாரணப் பேருந்துகளுக்கும் உண்டு. ஆனால் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். என் மனைவி வந்த புதிதில் கும்பகோணம் முகவரி ஆதாரை நீட்ட, கண்டக்டர் சிரித்துக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்தார். ‘நாங்கதான் முதல்ல கொண்டுவந்தோம்’ என்று குரூப்பில் மார்தட்டுவதை விட இந்த மாதிரி ஒரு சம்பவத்தைச் சொல்லிப் பாருங்கள். பேச்சு கலகலப்பாகப் போகும், வாதமும் நடக்கும்.

காவிரி

இதில் கொஞ்சம் நிதானமாகப் போகலாம். நான் சூடு பட்டது இதில்தான்.

2023 செப்டம்பர். மழை பொய்த்த வருடம். தமிழ்நாட்டுக்கு நொடிக்கு 5,000 கன அடி வீதம் 15 நாள் தண்ணீர் விடச் சொல்லிக் காவிரி மேலாண்மை ஆணையம் உத்தரவு போட்டிருந்தது. அதை எதிர்த்து 26ஆம் தேதி பெங்களூர் பந்த். முதல் நாள் இரவு குரூப் கொதித்துக்கொண்டிருந்தது. நான் எழுதினேன்: ‘419 டி.எம்.சி. என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுப் பேசுங்கள்.’ (டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி.) அனுப்பிவிட்டுப் பெரிய சாதனை செய்தவன் போல் தோசை சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் மண்டியாப் பெரியவரிடமிருந்து ஒரே வரி. ‘சார், அந்த 419ஐயும் பிலிகுண்டுலுவில் விடணுமா?’

எனக்குப் பிலிகுண்டுலு என்றால் என்னவென்றே தெரியாது. மீனா, ஊரா, ஆளா? அன்றிரவு நான் பதில் போடவில்லை.

பந்த் முடிந்த மறுநாள் காலையில் அவரே லிஃப்டில் பிடித்துக்கொண்டார். தெருமுனை தர்ஷினிக்குப் போனோம். பெங்களூரின் தர்ஷினிகளில் பெரும்பாலும் நாற்காலி கிடையாது; இடுப்புயர எவர்சில்வர் மேஜையைச் சுற்றி நின்றுதான் சாப்பிட வேண்டும். ஒரு காபியை இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றித் தரும் ‘பை டூ’ என்ற வழக்கமும் அங்கே உண்டு. அவர் பை டூ சொன்னார். பில்லைத் திருப்பிப் போட்டு, மேஜையில் இருந்த ஈரத்தைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு, பேனாவை எடுத்தார்.

மேலே 740 என்று எழுதினார். காவிரிப் படுகை மொத்தத்துக்கும் நடுவர் மன்றம் போட்ட கணக்கு அது, டி.எம்.சி.யில். 2007 இறுதித் தீர்ப்பில் தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. ‘இந்த 419இல் உங்க ஊர் மழையும் உங்க ஊர் ஆறும் சேர்த்தி, சார்’ என்றார். பவானி, அமராவதி எல்லாம் அதில் அடக்கம். கர்நாடகம் எல்லையில் விட வேண்டியது அப்போது 192. எல்லையில் அதை அளக்கும் இடம்தான் பிலிகுண்டுலு. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அந்த 192ஐ 177.25 ஆகக் குறைத்தது. குறைத்த 14.75இல் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்கு. ‘நீங்களும் நானும் குடிக்கிறோமே, அது’ என்று சொல்லி டம்ளரைத் தட்டினார்.

அதோடு நான் அடங்கியிருக்கலாம். ஆனால் அவர் சொன்னதிலும் ஒன்று விட்டுப்போயிருந்தது. 177.25 என்பது வருடக் கடைசியில் மொத்தமாகக் கொட்டிவிடும் கணக்கு கிடையாது, மாதாமாதம் பிரித்திருக்கிறார்கள். ஜூலைக்கு 31.24, ஆகஸ்டுக்கு 45.95, செப்டம்பருக்கு 36.76. குறுவைக்கும் சம்பாவுக்கும் தண்ணீர் வேண்டியது அப்போதுதான். இதை நான் முதல் நாள் இரவு பதில் போடாமல் உட்கார்ந்து படித்து வைத்திருந்தேன். சொன்னேன். அவர் தலையாட்டினார். அப்புறம், ‘அணையில இல்லாத வருஷம் எதைப் பிரிக்கிறது?’ என்று கேட்டார். பற்றாக்குறை வருடத்தில் விகிதப்படி பிரிக்க வேண்டும் என்று தீர்ப்பிலேயே இருக்கிறது; அந்த விகிதத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதில்தான் இரண்டு மாநிலமும் இன்னும் முட்டிக்கொள்கின்றன. என் மாமனார் வீட்டு நிலம் கும்பகோணத்துக்குப் பக்கத்தில். மண்டியாப் பெரியவருடைய அண்ணன் மக்களுக்கு அங்கே மத்தூரில் கரும்பு. அன்றைக்கு இரண்டும் காய்ந்துகொண்டிருந்தன. காபி ஆறிப்போனது. இருவரும் இறங்கி வரவில்லை. ஆனால் பில்லை அவர்தான் கொடுத்தார்.

அந்த பில்லின் பின்பக்கத்தை வைத்து நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

டி.எம்.சி.யையும் கன அடியையும் குழப்பாதீர்கள். ஒரு நாள் முழுக்க நொடிக்கு 11,574 கன அடி ஓடினால்தான் 1 டி.எம்.சி. ஆக, 5,000 கன அடி 15 நாள் என்பது கிட்டத்தட்ட ஆறரை டி.எம்.சி. ‘5,000’ என்ற எண்ணைப் பார்த்து அவர்களும் பயப்பட வேண்டாம், நாமும் குதிக்க வேண்டாம். ‘கொடு’, ‘விடமாட்டேன் என்கிறான்’ என்ற சொற்களுக்குப் பதில் ‘பங்கு’ என்று எழுதுங்கள். அந்த ஒரு சொல் மாறினாலே பேச்சின் சூடு பாதி இறங்கும். 1892, 1924 ஒப்பந்தங்களை நீங்களாக இழுக்காதீர்கள். அதைத் தொட்டால் ‘அது மைசூர் ராஜாவை மிரட்டி வெள்ளைக்காரன் போட்டது’ என்பார்கள், நாம் ‘இல்லை’ என்போம், விடிந்துவிடும். மேகேதாட்டு அணை பற்றிக் கேட்டால், பெங்களூருக்குக் குடிநீர் என்று சொல்லித்தான் அந்த 67 டி.எம்.சி. அணையைக் கேட்கிறார்கள் என்பதை மனத்தில் வைத்துப் பேசுங்கள். குடிப்பவர் என்ற முறையில் எனக்கு ஒரு பக்கம், டெல்டாக்காரர் மருமகன் என்ற முறையில் இன்னொரு பக்கம் இழுக்கிறது என்று நான் வெளிப்படையாகவே சொல்லிவிடுவேன். இதுவரை யாரும் அதற்காகச் சண்டை போடவில்லை.

பந்த் நாளிலும் அதற்கு முந்தைய நாளிலும் மட்டும் எதுவும் எழுத வேண்டாம். அந்தச் செப்டம்பரில் நான் அதையும் மீறினேன் என்பதைக் கவனித்திருப்பீர்கள். இந்த ஊரின் பழைய தமிழர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஸ்ரீராமபுரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் ஒரு பூக்கார அம்மாவிடம் காவிரி என்று வாயெடுத்தால், ‘அதெல்லாம் இங்க வேணாம் கண்ணு’ என்று பூவை அளப்பார். புதிதாக வந்தவர்கள் இதைக் கோழைத்தனம் என்று நினைக்கிறார்கள். 1991 டிசம்பரில், நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வந்ததும் நடந்த கலவரத்தைப் பார்த்தவர் அவர். எத்தனையோ குடும்பங்கள் அப்போது ஊரை விட்டே ஓடின. 2016 செப்டம்பர் 12 அன்று தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிந்ததையும் பார்த்தவர். நாம் கீபோர்டில் தட்டுவதற்கு அவர் வீதியில் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

மொழி

மூன்று சின்ன விஷயம், ஒரு பெரிய விஷயம்.

‘கன்னட்’ என்று எழுதாதீர்கள், கன்னடம் அல்லது கன்னடா. ‘தமிள்’ என்று கேட்டால் நமக்கு எப்படி இருக்கும், அப்படித்தான். ‘கன்னடத்தான்’ என்பது நம் காதுக்குச் சாதாரணமாக இருக்கலாம். குரூப்பில் தமிழ் தெரிந்த கன்னடர்கள் நாம் நினைப்பதை விட அதிகம். அந்த ‘ஆன்’ அவர்களுக்கு நன்றாகவே புரியும். தமிழர்களை இளக்காரமாகச் சொல்லும் ‘கொங்கா’ என்ற சொல்லை யாராவது நம்மிடம் சொன்னாலும் நமக்குப் புரியும், இல்லையா? மூன்றாவது, கன்னடத்தில் எழுத முயன்றால் பெரியவர்களை ‘நீனு’ என்று எழுதிவிடாதீர்கள். அது நம் ‘நீ’. ‘நீவு’தான் ‘நீங்கள்’. ‘பா’ என்றால் வா, ‘பன்னி’ என்றால் வாருங்கள். இந்த இரண்டாவதை நம்மூர்க் காதில் கேட்டுச் சிரிக்காமல் இருக்கப் பழகுவதற்கு எனக்கு ஆறு மாதம் ஆனது.

‘கன்னட கொத்தில்லா’, அதாவது கன்னடம் தெரியாது, என்ற இரண்டு சொல்லோடு வருடக்கணக்கில் காலம் தள்ளுபவர்கள் மீதுதான் இங்கே கோபம் அதிகம். ‘கன்னட கலீத்தா இதீனி’ என்று சொல்லுங்கள், கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று பொருள். மறுப்பதற்கு முன் ‘நீவு ஹேளோது சரி, ஆதரெ’ என்று போடுங்கள். நீங்கள் சொல்வது சரி, ஆனால். இலக்கணம் பிழையாக இருந்தாலும் அந்த ஒரு வரி செய்யும் வேலையை ஆங்கிலத்தில் எழுதும் பத்து வரி செய்யாது.

பெரிய விஷயம் இது: ‘கன்னடம் தமிழிலிருந்துதான் பிறந்தது.’ தயவுசெய்து வேண்டாம். 2025 மே மாதம் கமல் ஹாசன் ஒரு பட விழாவில் இப்படிச் சொல்லி, அந்தப் படம் குறித்த நாளில் கர்நாடகத்தில் வெளியாகாமல் போனது நினைவிருக்கும். அடி வாங்குவோம் என்பதற்காக மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மொழியியல்படியே அது நிற்காது. இரண்டுமே தென் திராவிடக் கிளை மொழிகள். இன்னும் பழைய ஒரு பொது மொழியிலிருந்து பிரிந்தவை. அக்கா தங்கை என்று வேண்டுமானால் சொல்லலாம். தமிழின் எழுத்துச் சான்றுகள் மிகப் பழையவை என்பது உண்மை. கன்னடத்தின் பழைய முழுக் கல்வெட்டாகச் சொல்லப்படும் ஹல்மிடி கல்வெட்டு கி.பி. 450 வாக்கில். எழுத்தில் மூத்தது என்பதால் பெற்றவள் ஆகிவிடாது. நம் தமிழ்த்தாய் வாழ்த்தின் மூலப் பாட்டிலேயே கன்னடமும் தெலுங்கும் தமிழின் வயிற்றில் பிறந்ததாக வரிகள் உண்டு. 1970இல் அதை அரசு நிகழ்ச்சிகளுக்கான பாட்டாக ஏற்றபோது அந்த வரிகளை விட்டுவிட்டுத்தான் ஏற்றார்கள். தமிழ்நாட்டு அரசே விட்டதை நீங்கள் ஒயிட்ஃபீல்டு குரூப்பில் போய்த் தூக்கிப் பிடிக்க வேண்டுமா?

இந்தி பற்றிய சண்டையில் நாமும் கன்னடர்களும் ஒரே கட்சி என்று நினைத்துத் துள்ளிக் குதிக்கத் தோன்றும். 2017இல் நம்ம மெட்ரோவில் இந்திப் பலகை வேண்டாம் என்று இங்கே பெரிய எதிர்ப்பு கிளம்பியது, கடைசியில் பலகைகளை மறைத்தார்கள். ஆனால் தமிழ்நாடு 1968 முதல் இருமொழிக் கொள்கை. கர்நாடகப் பள்ளிகளில் இந்தி படித்து வளர்ந்த தலைமுறைகள் உண்டு. அவர்களுடைய கோபம் பெரும்பாலும் வங்கியிலும் கடையிலும் கன்னடம் இல்லை என்பதில் வருகிறது. அந்தக் கோபம் ஒரு நாள் நம் பக்கமும் திரும்பும். கடைப் பலகையில் 60 சதவீதம் கன்னடம் வேண்டும் என்ற விதிக்காக 2023 டிசம்பரில் பலகைகளை உடைத்தபோது, யார் வைத்த கடை என்று யாரும் பார்க்கவில்லை. 2024 ஜூலையில் தனியார் வேலையில் உள்ளூர்க்காரர்களுக்கு 50, 70 சதவீதம் என்று மசோதா வந்தபோது, அதுவரை ‘இந்தி ஒழிக’ என்று ஒன்றாகக் கத்திய எங்கள் குரூப் நண்பர்கள் திடீரென்று இரண்டாகப் பிரிந்தார்கள். எதிர்ப்பு வந்ததும் அரசு மசோதாவை நிறுத்தி வைத்தது. எங்கள் குரூப்பில் அது இன்னும் நிற்கவில்லை.

ஃபார்வர்டு வந்தால்

இரட்டை அம்புக்குறி போட்டு ‘பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது’ என்று வருகிறதா? அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது. அதை ஒரு நேரத்தில் ஒரே ஒருவருக்கோ ஒரே ஒரு குரூப்புக்கோதான் அனுப்ப முடியும் என்று 2020இல் வாட்ஸப் கட்டுப்பாடு வைத்ததே இந்த மாதிரிச் செய்திகளால்தான். வீடியோ என்றால் ஒரு காட்சியை நிறுத்திப் படமெடுத்துக் கூகுள் லென்ஸில் போடுங்கள். கடைப் பலகை, பேருந்தின் நிறம், போலீஸ் தொப்பி மூன்றையும் பாருங்கள். பாதிப் பொய் அங்கேயே தெரிந்துவிடும். கர்நாடகப் பேருந்து என்று சொல்லி வருவதில் தெலுங்கு எழுத்து இருக்கும்.

இந்த ஊருக்கு வதந்தி புதிதில்லை. 2012 ஆகஸ்டில் வடகிழக்கு மாநிலத்தவரைத் தாக்கப் போகிறார்கள் என்று குறுஞ்செய்தி பரவி, ஆயிரக்கணக்கானவர்கள் பெங்களூர் ஸ்டேஷனில் குவாஹாட்டி ரயிலுக்காக அலைமோதினார்கள். ஒரே நேரத்தில் பலருக்கு மொத்தமாக அனுப்பும் குறுஞ்செய்திகளுக்கு அரசு தடையே போட்டது. 2018 மே மாதம் சாமராஜப்பேட்டையில் பிள்ளை பிடிப்பவன் என்று சொல்லி, வேலை தேடி வந்த ஒரு வெளிமாநில இளைஞரை அடித்தே கொன்றார்கள். அதே மாதத்தில் நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு மூதாட்டியும் இப்படியே செத்தார். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று வந்த பொய் வீடியோக்கள் இங்கே எங்கள் குரூப்புக்கும் வந்தன. அதை மட்டும் நான் உடனே மறுத்தேன், தமிழ்நாட்டு வக்கீல் என்று யார் சொன்னாலும் சரி என்று.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. எரிச்சலூட்டும் கருத்து என்பதற்காகவே அந்தப் பிரிவில் உள்ளே தள்ள முடியாது. ஆனால் மொழி, சாதி, மத அடிப்படையில் பகை மூட்டுவதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவில் 196ஆம் பிரிவும், வதந்திக்கு 353ஆம் பிரிவும் இருக்கின்றன. ‘நான் எழுதவில்லை, ஃபார்வர்டுதான் செய்தேன்’ என்பது தப்பிக்கும் வழி ஆகாது. பெண் பத்திரிகையாளர்களைப் பற்றிய ஒரு பதிவைப் படிக்காமலே பகிர்ந்துவிட்டேன் என்று சொன்ன தமிழ் நடிகர் ஒருவர் மன்னிப்பும் கேட்டார்; வழக்கை ரத்து செய்ய 2023இல் உச்ச நீதிமன்றம் வரை மறுத்தது.

கிண்டலுக்கு நல்ல இடம்

கிரிக்கெட். சந்தேகமே வேண்டாம். சென்னை ஐந்து கோப்பை, பெங்களூர் பதினேழு சீசன் கோப்பையே இல்லாமல் ‘ஈ சலா கப் நம்தே’ (இந்த முறை கோப்பை நமதே) என்று சொன்னதுதான் மிச்சம் என்று நாம் ஓட்டிக்கொண்டிருந்தோம். 2025 ஜூன் 3 அன்று அவர்கள் வாங்கிவிட்டார்கள். எனவே பழைய மீம்களை அழித்துவிடுங்கள். மறுநாள் சின்னசாமி மைதானத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். அதைத் தொட்டு மட்டும் எந்த ஜோக்கும் வேண்டாம்.

அடுத்தது சாம்பார். இங்கே வெல்லம் போடுவார்கள். ‘இது பாயசமா’ என்று கேட்கலாம், ஆனால் பதிலுக்கு நம் ரசத்தைப் பற்றி வருவதைத் தாங்கிக்கொள்ள வேண்டும்.

தப்பாகிவிட்டால்

அனுப்பிய 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். அழித்தால் ‘இந்தச் செய்தி அழிக்கப்பட்டது’ என்று ஒரு தழும்பு நிற்கும். அதைப் பார்த்தவுடன் ‘என்ன சார் போட்டீங்க’ என்று பத்துப் பேர் கேட்பார்கள். அழிப்பதை விட, ‘தப்பாய்த்து, எண்ணைத் தவறாகப் போட்டுவிட்டேன்’ என்று அடுத்த வரியில் எழுதிவிடுவது மேல். எதிராளி விடாமல் தொடர்ந்தால் ‘பிடி சார்’ போதும், விடுங்கள் சார் என்று அர்த்தம். இந்த ஊரில் அது தோல்வி இல்லை. மீதியை மாடிப்படியில் பார்த்துக்கொள்ளலாம்.

முகவரி மாறியவுடன் வாக்காளர் பட்டியலில் படிவம் 8 கொடுத்து இங்கே மாற்றிக்கொள்ளுங்கள். குரூப்பில் யாராவது ‘உங்களுக்கு இங்கே ஓட்டே கிடையாது, எதுக்குப் பேசறீங்க’ என்று கேட்கும் நாள் வரும். நான் மாற்ற நான்கு வருடம் ஆனது, அந்த நான்கு வருடமும் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

மண்டியாப் பெரியவர் இப்போது மகள் வீட்டோடு மைசூருக்குப் போய்விட்டார். குரூப்பிலிருந்து விலகிவிட்டார், ஆனால் என் நம்பர் அவரிடம் இருக்கிறது. 2025 ஜூன் கடைசியில் ஒரு நாள் காலை, அவர்கள் பக்கத்துக் கிருஷ்ணராஜ சாகர் அணை பற்றி அவரிடமிருந்து செய்தி: ‘கே.ஆர்.எஸ். நிரம்பிடுச்சு.’ நான் அப்போதுதான் மேட்டூர் நிலவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘மேட்டூர் 120 அடி’ என்று பதில் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கேள்வி வந்தது: ‘பிலிகுண்டுலு எவ்வளவு?’